ரிப்போர்ட் நார்மல்தான் டாக்டர், உடம்புதான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது

வணக்கம் டாக்டர்.

புற்றுநோய் வைத்தியம் முடிந்தவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று ரிவ்யூ ஓ.பி.யில் பார்க்கிற உங்கள் எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன், குறிப்பாக ஒருவருக்கு என்று இல்லை.

எனக்கு 51 வயது. வீட்டு முன்னறையில் தையல் கடை. இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், 8 கீமோ (முதல் நாலும் அந்தச் சிவப்பு மருந்து, இன்றைக்கும் ரோஸ்மில்க்கைப் பார்த்தால் குமட்டும்), அப்புறம் கரண்டு (கதிர்வீச்சு), இப்போது நோய் திரும்பாமலிருக்க தினம் ஒரு லெட்ரோசோல் என்கிற ஹார்மோன் மாத்திரை. கரண்டு வைத்து முடித்து 3 வருடம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஃபைலைப் புரட்டி, கழுத்தையும் அக்குளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்மா, வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்பீர்கள். நான் "இல்லை டாக்டர்" என்பேன். பச்சைப் பொய்.

ஏன் பொய் சொல்கிறோம் என்று கேட்டால், வெளியே இன்னும் ஐம்பது டோக்கன் காத்திருக்கிறது, அது ஒன்று. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் போய் அசதியாக இருக்கிறது என்று சொல்ல வாய் கூசுகிறது, அது இன்னொன்று. சொன்னால் நோய் திரும்பிவிட்டதோ என்று பெட் ஸ்கேன் எழுதிவிடுவீர்களோ, அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்கிற பயமும் இருக்கிறது. போதாததற்கு, லீவு போட்டுவிட்டுக் கூட வந்த மகன் பக்கத்திலேயே நிற்கிறான், நீங்களும் பாதி நேரம் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அவனிடம்தான் கேட்கிறீர்கள். அவனும் "நல்லா இருக்காங்க சார்" என்கிறான், அவன் கண்ணுக்கு நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முடி வளர்ந்துவிட்டதே.

ஒரே ஒரு தடவை, எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டு, திரும்பி நின்று சொன்னேன். "வயசாகுதில்லம்மா, நல்லா சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க" என்று பதில் வந்தது. சரி என்று மூன்று மாதம் மத்தியானமெல்லாம் படுத்தேன். ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம். உடம்பு இன்னும் தளர்ந்து, மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினாலே நடுப்படியில் உட்கார வேண்டியதாயிற்று.

வார்த்தையும் எங்களைக் கவிழ்த்துவிடுகிறது. களைப்பு என்பது உழைத்தால் வருவது, படுத்து எழுந்தால் போய்விடும், அது எனக்கு நன்றாகத் தெரியும், தீபாவளிக்கு முந்தின வாரம் விடிய விடியத் தைத்தவள்தானே. இது அது கிடையாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. சீப்பைத் தூக்கினால் கை பாதியில் இறங்கிவிடுகிறது. அளவு எடுத்துவிட்டு நோட்டில் எழுதுவதற்குள் எண் மறந்துபோகிறது. இவ்வளவையும் "அசதியா இருக்கு டாக்டர்" என்று ஒரு வரியில் சொன்னால், உங்கள் காதில் ஊரே சொல்கிற அசதியாகத்தான் விழும். அதில் உங்கள் தப்பு பாதி, எங்கள் தப்பு பாதி.

போன வருடம் மேற்படிப்பு படிக்கிற ஒரு சின்ன டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் பெரியவனை விட ரெண்டு வயது கூட இருக்கலாம். அவர்தான் கேட்டார்: "பூஜ்யம்னா அசதியே இல்லை, பத்துன்னா இதுக்கு மேல முடியாது. இந்த ஒரு வாரமா எவ்வளவு?" ஏழு என்றேன். "அதனால என்ன வேலை நின்னு போச்சு?" என்றார். அதற்கு முன்னால் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முன்பு ஒரு நாளைக்கு 6 ஜாக்கெட் தைப்பேன், இப்போது 2, அதிலும் கொக்கி வைப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பேனாவை எடுத்து எழுதினார். ரத்தம், தைராய்டு, பி12, அந்தச் சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்). தூக்கத்தைப் பற்றித் துருவினார், மனசைப் பற்றியும் கேட்டார். ராத்திரி குப்பென்று வேர்த்து மூன்று தடவை எழுந்துகொள்வது அந்த லெட்ரோசோல் மாத்திரையால் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதயமும் தைராய்டும் நன்றாக இருந்தன, ஹீமோகுளோபின் 9.4-தான், பி12-ம் ரொம்பக் குறைவு. ஊசி போட்டார்கள். இவ்வளவும் சேர்த்து அவருக்கு ஆன நேரம் ஒரு காபி ஆறுகிற நேரம்தான்.

அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள், அவளிடம் சொன்னபோது, "அத்தை, இது புதுசு இல்லை" என்றாள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே இதை எல்லா நோயாளிகளிடமும் வைத்தியம் முடிந்த பிறகும் கேட்க வேண்டும் என்று வழிகாட்டுதல் போட்டிருக்கிறதாம். அந்தப் பத்துக் கணக்கில் 4-ஓ அதற்கு மேலோ இருந்தால் காரணத்தைத் தேட வேண்டுமாம். வைத்தியம் முடிந்தவர்களில் நாலில் ஒருவருக்கு, மூன்றில் ஒருவருக்குக்கூட, இந்த அசதி வருடக்கணக்கில் நீடிக்கிறதாம். 113 ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் பார்த்ததில், மருந்து மாத்திரையை விட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும்தான் நன்றாகக் கேட்டனவாம். வாரத்தில் 3 நாள், அரை மணி நேரம் நடக்கச் சொன்னாள். நானோ மூன்று மாதம் படுத்துக்கொண்டிருந்தேன்!

ஆனால் ஒன்று டாக்டர். நடக்கச் சொல்லி வாயால் சொல்லாதீர்கள், சீட்டில் எழுதுங்கள். கேன்சர் வந்தவள் விடிகாலையில் வாக்கிங் போனால் தெருவே கூடி "உடம்பைக் கெடுத்துக்காதே" என்று அதட்டும், வீட்டிலும் அப்படித்தான். நீங்கள் சீட்டில் எழுதியது மருந்து. சொன்னது வெறும் பேச்சு.

அப்புறம், உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் வெளியே சிஸ்டர் எடையும் பிபியும் பார்த்து ஓ.பி. தாளில் எழுதுகிறார் இல்லையா, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: அசதி, பத்துக்கு எவ்வளவு. மகன் காதில் விழாது, நன்றி கெட்டவள் என்று தோன்றாது, உங்கள் நேரமும் போகாது. நீங்கள் தாளைப் பார்க்கும்போது அந்த எண் அங்கே இருக்கும்.

கட்டம் வரும் வரைக்கும் நாங்களும் சும்மா இருக்கப் போவதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஒரு வாரம் குறித்து வையுங்கள், எந்த நேரம் ஆளைச் சாய்க்கிறது, எந்த வேலை நின்றுபோனது, ராத்திரி எத்தனை தடவை விழிப்பு, என்னென்ன மாத்திரை (நாட்டு மருந்தும் சேர்த்து). கதவுக்குப் போய்த் திரும்பாமல், உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

எனக்கு இப்போது 4. சில வாரம் 5. நாளுக்கு 4 ஜாக்கெட் தைக்கிறேன், கொக்கி இன்னும் பக்கத்து வீட்டுப் பெண்தான். அடுத்த ரிவ்யூ புரட்டாசியில். என் ஒரு வாரக் குறிப்பை ஒரு சீட்டில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறேன், மேமோகிராம் ரிப்போர்ட் அதற்குப் பின்னால் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ரிவ்யூ வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தையல்காரி