டவர் போனால் தகவல் எப்படிப் போகும்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் பருவமழைக்கான முன்னேற்பாடுகள் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். மணல் மூட்டை, ஜேசிபி, மரம் அறுக்கும் இயந்திரம், முகாம்களுக்கான பள்ளிக்கூடங்கள் என்று எல்லாம் இருந்தன. சந்தோஷம். ஆனால் செல்போன் வேலை செய்யாமல் போனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தகவல் எப்படிப் போகும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அதற்கு ஹாம் ரேடியோ, அதாவது தேர்வு எழுதி உரிமம் வாங்கிய தனி ஆட்கள் இயக்கும் வயர்லெஸ், கைகொடுக்கும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதை இயக்குகிறவர்களையும் ஹாம் என்றுதான் சொல்வோம்.

மார்த்தாண்டத்தில் டிவி, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் முறிந்து கிடக்க, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. என் கடையில் ஜெனரேட்டர் இருந்ததால் போனுக்குச் சார்ஜ் போட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். சார்ஜ் முழுதாக ஏறிய போனைக் கையில் வைத்துக்கொண்டு, "மக்களே, டவர் எப்ப வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மாலை வரை என் கடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

டவர் விழுந்தால்தான் சிக்னல் போகும் என்றில்லை. கரண்ட் போனதும் அது பேட்டரியில் ஓடும், பிறகு டீசலில் ஓடும். சாலையில் மரம் விழுந்து டீசல் வண்டி வரமுடியாவிட்டால் டவர் நின்றுவிடும். கம்பங்களில் தொங்கும் கேபிள் அறுந்தாலும் கதை முடிந்தது. ஹாம் ரேடியோவுக்கு இந்த இடைத்தரகு எதுவும் தேவையில்லை. ஒரு செட், ஒரு 12 வோல்ட் பேட்டரி, மொத்தம் 20 மீட்டர் கம்பி போதும். கம்பியை இரண்டு தென்னைக்கு நடுவே தாழ்வாகக் கட்டி, பகல் நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அலை நேரே மேலே போய், வானில் உயரே அலையைத் திருப்பிவிடும் அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குத் திரும்பி விழும். நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் சென்ற ஹாம் குழு ஒன்று, உலக ஹாம்களோடு பேசுவதற்காக போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்ததும் அதே செட்களை வைத்து அந்தமான் மக்களின் தகவல்களை வெளியே சொன்னார்கள். அன்றைக்குக் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாடு நமக்குத் தெரியும். மணக்குடியில் பாலமே பெயர்ந்து போனது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலில் இருக்கும் படகோடு ஹாம் செட்டில் பேசிவிட முடியாது. படகுகளின் வயர்லெஸ் வேறு, அதன் அலைவரிசை வேறு. அந்த அம்மாவின் மகனுக்கு அன்று ஹாம் ரேடியோ நேரடியாக உதவியிருக்காது. ஆனால் எந்தப் படகு திரும்பவில்லை, அதில் எத்தனை பேர், எந்தத் திசைக்குப் போனார்கள் என்ற பட்டியல் கரையில் தயாராக இருந்தது. தேவாலயங்களில் உட்கார்ந்து ஊர்க்காரர்களே எழுதினார்கள். தூத்தூரில் ஒரு ஹாம், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு ஹாம் இருந்திருந்தால் அந்தப் பட்டியல் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்ல அடுத்தவர் எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவார். எழுத்துப் பிழை வராமலிருக்க எங்களுக்குப் பழக்கமே உண்டு.

ஒக்கிக்குப் பிறகுதான் நான் தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தெரிய வேண்டியதில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கைச்செட்டை வாங்கி உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உரிமம் கிடைத்ததும் ஓர் அலுவலகத்துக்குப் போய், மழைக்காலத்தில் செட்டோடு வந்து உட்காரத் தயார் என்றேன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு யாரும் கூப்பிடவில்லை. வருத்தம்தான், ஆனால் அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. ஹாம்களின் பெயரும் கால் சைனும் (உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறி) கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உயரமான குன்று ஒன்றில், வரும் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும். மேடும் பள்ளமுமான நம் ஊரில் 5 வாட் கைச்செட் அது இல்லாமல் ரொம்ப தூரம் எட்டாது. அப்புறம், ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு நாளாவது செல்போனை அணைத்துவிட்டு நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை பேசிப் பார்க்கும் ஒத்திகை நடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் கடையில் செட் ஓடிக்கொண்டிருக்கும். தேர்வுக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைகள், முக்கியமாகக் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள், வந்தால் சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்