உள்ளபடி எழுது

தஞ்சாவூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

வியன்னாவில் குளிர் எப்படியிருக்கிறது? அடுத்த வெள்ளி அக்காவுக்கு வளைகாப்பு. அதை அம்மா எழுதுவாள். உன் ஆய்வேட்டின் அத்தியாயம் எதுவரை வந்திருக்கிறது என்று போன மாதம் கேட்டேன். "போய்க்கிட்டிருக்குப்பா" என்றாய். அதற்கு முந்தின மாதமும் அதே பதில்தான். சரி, அத்தியாயத்தை விட்டுவிடுவோம். நீ படிக்கிற பப்பைரஸை, அந்த எகிப்து நாணல்தாளில் எழுதிய கிரேக்க ஏட்டை மட்டும் பேசுவோம்.

பன்னிரண்டு துண்டையும் ஒரே சமயத்தில் பார்க்காதே. ஒன்றை எடுத்துக்கொள். அகலம், உயரம், ஓரத்தில் விட்ட இடம், வரி எண்ணிக்கை எல்லாவற்றையும் முதலில் அளந்து குறி. இரண்டு துண்டு ஒட்டுமா என்பதற்கு வாசகத்தை மட்டும் நம்பாதே, நார் தொடர்கிறதா என்று பார். பிறகுதான் எழுத்து. கரி மை அகச்சிவப்புப் படத்தில் நன்றாகத் தெரியும். ஆனால் நாரின் நிழலும் அதில் கோடுபோல் ஏமாற்றும், மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடு. ஐயமான எழுத்துக்கு அடியில் புள்ளி வை. அதற்குக் கூச்சப்படவே கூடாது. சிதைந்த இடத்துக்குச் சதுர அடைப்பு. அதற்குள் எத்தனை எழுத்து கொள்ளும் என்று மேல்வரியை அளந்து எண்ணு. கிரேக்க எழுத்தில் ஓமேகா அகலம், இயோட்டா ஒல்லி. ஏழு எழுத்துக்குத்தான் இடமென்றால், பொருள் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் பதினொரு எழுத்துச் சொல்லை அதில் திணிக்காதே.

நடுக்கோடு அழிந்த எப்சிலான் (எ), பிறை வடிவச் சிக்மாவாக (ஸ்) தெரியும். ஓலையில் காலும் ரகரமும் மயங்குகிற மாதிரிதான். கொம்பு, ககரம், கால் என்று ஓலையில் இருப்பதை கொ, கோ, கெர, கேர என்று நாலு விதமாகவும் படிக்கலாம். ஆனால் அங்கே குறை எழுத்தில்தான். பேசுகிறவன் வாயில் கொடு வேறு, கோடு வேறு. உன் எகிப்துக் கிரேக்கத்தில் ரோமர் காலத்துக்குள் குறில் நெடில் ஒலியே மங்கிவிட்டது. அதனால்தான் குறில் ஓமிக்ரான் வர வேண்டிய இடத்தில் நெடில் ஓமேகா வருகிறது. அதைத் திருத்திவிடாதே. உள்ளபடி எழுது, சரியான வடிவத்தை அடிக்குறிப்பில் கொடு.

ஒரே ஒரு துண்டைப் படியெடுப்பு, மொழிபெயர்ப்பு, வரிக்குறிப்பு என்று முழுசாக முடித்துவிடு. முன்னுரையைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். எல்லாரும் முன்னுரையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பப்பைரஸில் எழுதிய பழைய முசிறி வணிக ஒப்பந்தம் இருக்கிற வியன்னா நூலகத்துக்குள் நம் வீட்டுப் பெண் போய்வருகிறாள் என்று தபால்காரர்வரை சொல்லியிருக்கிறேன். எர்மாபொலோன் கப்பல், 60 பேழை கங்கைச் சடாமாஞ்சில் என்ற மணவேர், கால்பங்கு சுங்கம் என்று அதிலுள்ளதெல்லாம் நம் தெருவுக்கே மனப்பாடம். அது 1985இல் அச்சேறியது. இன்னும் அதன் சிதைந்த இடங்களை வாதிடுகிறார்கள். இது அழிந்துபோனது, இது என் ஊகம் என்று பதிப்பித்தவர்கள் பிரித்துக் காட்டியிருப்பதால்தான் அடுத்தவர் வாதிட முடிகிறது. ஊரெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தது உனக்குப் பாரமாகிவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருக்கலாமா?

உள்ளபடி எழுது, உள்ளபடி எழுது என்று சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மாமா வீட்டு ஓலையைப் பெயர்த்தெழுதினேன் அல்லவா? ஒரு வெண்பாவில் எதுகை தட்டியது. ஒரு சீரை மாற்றினேன். ஓலையில் இருந்த பாடத்தை ஓரத்தில் குறிக்கவில்லை. என் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறதென்ற அவசரம். பிறகு அந்தக் கட்டு செல்லரித்தது உனக்கே தெரியும். இப்போது என் திருத்தமே மூலமாக நிற்கிறது. அது எந்த வெண்பா என்றுகூட எனக்கு நினைவில்லை. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

படித்ததில் பத்து வரி அனுப்பு. பத்து இல்லாவிட்டால் இரண்டு. செப்பனிடாமல், புள்ளியும் அடைப்புமாகவே அனுப்பு. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது என்பது நினைவிருக்கிறது. அதை நான் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். கம்பளிக் காலுறை பார்சலில் வருகிறது.

அப்பா