மீனவக் கிராமங்களுக்குத் தடுப்பூசி ஒதுக்கீட்டையும் முகாம் நாள்களையும் கடல் தொழிலுக்கு ஏற்ப அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மீனவக் கிராமப் பொதுமக்கள்,
பாம்பன் தீவு, இராமேசுவரம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கொரோனா தடுப்பூசி – இரண்டாம் தவணைக்குத் தனி ஒதுக்கீடு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், எங்கள் பகுதியில் 45 வயதைக் கடந்த விசைப்படகுத் தொழிலாளர்கள் பலர் கோவிஷீல்டு முதல் தவணையைப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு தவணைகளுக்கும் இடையே 84 நாள் கழிய வேண்டும் என்று மே மாதத்தில் விதி மாறியதால், அவர்களுக்கான இரண்டாம் தவணை ஜூலை 8 முதல் செப்டம்பர் 6 வரையில் வந்து விழுகிறது. கரையில் சும்மா இருந்த நாளில் போட்ட ஊசிக்கு, கடலுக்குப் போகும் நாளில் தவணை வருகிறது.

விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுகளுக்கு மற்ற 4 நாளும் என்ற முறையில் இங்கு தொழில் நடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். முகாம் நடக்கும் செய்தி அன்று காலையில்தான் ஊருக்குத் தெரிகிறது. விடியற்காலையில் கரை சேர்ந்து, மீனை இறக்கி எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருவதற்குள் டோக்கன் முடிந்துவிடுகிறது. (கடலுக்குப் போகவும் மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன், ஊசிக்கும் டோக்கன், இரண்டும் ஒரே காலையில் கிடைப்பதில்லை.) அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மட்டும் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் இதே நிலைதான், அந்த நாள்களில் முகாம் வைத்தால், கூலியை விடுவதா ஊசியை விடுவதா என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தடுப்பூசி தட்டுப்பாடு நாடு முழுவதும் உள்ளது என்பதையும், ஜூன் 21 முதல் உற்பத்தியில் 75 சதவீதத்தை மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்குப் பிரித்துத் தருவதையும், மாவட்டத்துக்கு வருவதைத்தான் தாங்கள் பங்கிட முடியும் என்பதையும் நாங்கள் உணர்ந்தே இதை எழுதுகிறோம். கூடுதலாகக் கேட்கவில்லை, வருவதைப் பங்கிடும் முறையில்தான் மாற்றம் கேட்கிறோம். வரும் ஒவ்வொரு முறையும், 84 நாள் முடிந்து இரண்டாம் தவணைக்குக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஈடான ஊசிகளை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைப் புதியவர்களுக்குத் தர வேண்டுகிறோம். முதல் தவணை போட்டவர்களின் பெயரும் நாளும் கோவின் என்னும் தடுப்பூசி இணையதளப் பதிவில் இருப்பதால், எந்த வாரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம்.

முகாம் நாளை முந்தின நாள் மாலைக்குள் மீன்வளத்துறை அலுவலர்கள், மீனவர் சங்கங்கள், கோவில், தேவாலய, பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் வழியாக அறிவித்து, படகு கரை திரும்பும் நாளில் முற்பகல் 11 மணிக்குப் பிறகு ஊசி போடத் தொடங்க உத்தரவிட வேண்டுகிறோம். 10 பேருக்கான குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டியிருப்பதால், கடைசிக் குப்பியில் ஆள் குறைந்தால் உடனே வரக்கூடியவர்களின் காத்திருப்புப் பட்டியல் ஒன்றைக் கிராம சுகாதார செவிலியரிடம் வைத்திருந்தால் ஒரு துளியும் வீணாகாது. அந்தப் பட்டியலைத் தயாரிக்க எங்கள் ஊர் இளைஞர்கள் தயாராக உள்ளனர். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து போடவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

ஜூலை 8 நெருங்கிவிட்டதால், இம்மனுவின் மீது விரைந்து நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மீனவக் கிராமப் பொதுமக்கள்

இடம்: பாம்பன்
நாள்: 05.07.2021

நகல்: துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள், இராமநாதபுரம்.