கோத்தகிரித் தியான மண்டபத்தில் தாரை அன்னைக்குப் பஞ்சலோகத் திருவுருவம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரியை அடுத்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் உள்ள எங்கள் தியான மண்டபத்துக்காக, பௌத்த மரபு கருணையின் தாயாகப் போற்றும் தாரையின் பஞ்சலோகத் திருவுருவம் ஒன்றை, இரண்டரை அடி உயரத்தில், சுவாமிமலை ஸ்தபதி ஒருவரிடம் செய்யக் கொடுத்திருக்கிறோம். மெழுகு வேலை முடிந்துவிட்டது. உலோகம் வாங்கப் பணம் போதவில்லை.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதற்கு முன் சிக்கனம் கருதிச் சுதையில் ஓர் உருவம் செய்து வைத்தோம். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காமல் அது மலை ஈரத்தில் உப்புப் பூத்து, வலக்கை விரல்கள் உதிர்ந்தன. அவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்ட மூதாட்டி ஒருவர், "சோறு போடுற கையாப் பாத்து விழுந்திருக்கு" என்றார். இம்முறை உலோகம் என்று முடிவானது அன்றுதான்.

புத்தர் அமர்ந்த இடத்தில் பெண் உருவம் எதற்கு என்று உறுப்பினர் சிலர் கேட்டார்கள். ஒரே பிள்ளையைத் தாய் தன் உயிரைக் கொடுத்தும் காப்பதைப் போல எல்லா உயிர்களையும் காக்கும் மனம் வேண்டும் என்பது, அன்பைப் பற்றிய புத்தரின் போதனையான மெத்த சுத்தத்தின் வாக்கு; புத்தர் பிறந்த ஏழாம் நாள் மாயாதேவி மறைய, சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமியே அவரைப் பாலூட்டி வளர்த்தார் என்பதும், பின்னாளில் அவரே முதல் பிக்குணி ஆனார் என்பதும் அனைவரும் அறிந்தவை. உலகின் துன்பத்தைக் கண்டு, கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் வடித்த கண்ணீரில் பிறந்தவள் தாரை என்று மகாயான மரபு சொல்கிறது. அவள் பெயருக்கு வடமொழியில் கடக்கச் செய்பவள் என்று பொருள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தப் பெயர் வேறொன்றையும் நினைவூட்டுகிறது. முற்பிறப்பில் அவள் ஞானசந்திரா என்னும் அரசகுமாரி. அடுத்த பிறவியிலாவது ஆணாகப் பிறக்க வேண்டிக்கொள் என்று துறவிகள் அறிவுரை சொன்னபோது, பிறவிக்கடல் வற்றும்வரை பெண்ணுடலிலேயே நின்று உயிர்களைக் கரையேற்றுவேன் என்று அவள் உறுதி பூண்டாள். கேட்ட உறுப்பினர்களுக்கு எங்கள் பெண்கள் சொன்ன மறுமொழியும் இந்தக் கதைதான்.

எங்கள் குடும்பங்களுள் பல, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இம்மலைக்கு வந்தவை. அங்கே அம்மை கண்ட குழந்தை பிழைத்தெழுந்தால், சிங்களக் கிராமத்தார் ஏழு தாய்மாரை அழைத்துப் பாற்சோறு படைப்பார்கள். கிரி அம்மா தானம், அதாவது பால் அம்மாமாருக்கான தானம், என்பது அதன் பெயர். அது பத்தினித் தெய்வத்தை நினைத்துச் செய்யப்படுவது. அந்தப் பத்தினி நம் கண்ணகி. அந்தத் தீவின் கிழக்குக் கரைப் பகுதியில் கிடைத்த, 143 செ.மீ. உயரமுள்ள பொன்முலாம் பூசிய தாரைச் சிலை 1830 முதல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த நீலகிரியில் இளமையைக் கழித்த தமிழ்ப் பௌத்த அறிஞர் அயோத்திதாசப் பண்டிதரும், நாம் வணங்கும் அம்மன் ஒரு பௌத்தப் பெண் துறவியே என்று எழுதினார். அதை எல்லாரும் ஏற்க வேண்டும் என்பதில்லை.

மெழுகு உருவத்தைப் பார்க்கச் சென்ற மாதம் எங்களில் ஐவர் சுவாமிமலைக்குப் போய்வந்தோம். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவெடுத்து, தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிய கலவையில் உருவம் அமைந்திருந்தது. அந்த மெழுகில் ஒரு பங்கு, எங்கள் மலையில் பாறைத்தேன் எடுக்கும் குறும்பர்களிடம் நாங்கள் வாங்கிக் கொடுத்தது. தாரையின் இடக்கால் மடிந்திருக்க, வலக்கால் பீடத்திலிருந்து இறங்கித் தாமரைமேல் ஊன்றியிருக்கிறது; கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருவதற்கான இருப்பு அது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் அந்தக் காலை நெடுநேரம் பார்த்துவிட்டு, பாதம் தளர்வாக இருக்கிறது, தொட்டிலில் பிள்ளை சிணுங்கும்போது குதிகால் இப்படித் தரையில் படாது என்றார். ஸ்தபதி மறுப்பேதும் சொல்லாமல், சூடேற்றிய கத்தியால் குதிகாலை ஒரு நெல்லளவு உயர்த்தினார். இனி காவிரி வண்டல் பூசி, மண் கட்டி, கம்பியால் இறுக்கிச் சூளையில் வைப்பார்கள்; மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் இறங்கும்.

சிலைக்கு ரூ.4,20,000, கருங்கல் பீடத்துக்கும் மாடத்துக்கும் ரூ.80,000 என ஆகும் ஐந்து லட்சத்தில், இதுவரை ரூ.1,65,000 சேர்ந்துள்ளது. மீதம் ரூ.3,35,000 வேண்டும். ஒரு நாள் கொழுந்துக் கூலியைக் கொடுத்தவர்களும் உண்டு. தொகையின் அளவை நாங்கள் பார்ப்பதில்லை, நன்கொடையாளர் பெயர்ப் பலகையும் வைக்கப்போவதில்லை. உருக்கில் சேர்க்கச் சிறிது பொன்னும் வெள்ளியும் தேவை. உடைந்த தோடு, மூக்குத்தித் திருகு போன்றவை போதும். தாலிப்பொன்னையும் பிள்ளைகளின் நகையையும் அருள்கூர்ந்து கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தால் திருப்பித் தந்துவிடுவோம்.

ஞாயிறுதோறும் காலை வழிபாட்டுக்குப் பின் மண்டபத்தில் பொருளாளரிடம் தொகையைக் கொடுத்து, கையொப்பமிட்ட ரசீது பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கு பௌர்ணமிதோறும் மண்டபத்தின் சுவரில் ஒட்டப்படும். வார்ப்பு நாளில் சுவாமிமலைக்கு வர விரும்பும் தாய்மார் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு வேனில் முன்னிருக்கை ஒதுக்கப்படும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்