வை, லக் ஆறுகளின் வடிநிலத்தை நீர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஹெரிஃபோர்ட் நகரில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள்,
ஹெரிஃபோர்ட்ஷயர், இங்கிலாந்து.

பெறுநர்:
மாண்புமிகு சுற்றுச்சூழல், உணவு மற்றும் ஊரக விவகாரத் துறை அமைச்சர் அவர்கள்,
லண்டன்.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிள் தோட்டங்களும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த எங்கள் கவுண்டியின் நடுவே வை ஆறு ஓடுகிறது. சட்டப்படி இது சிறப்புப் பாதுகாப்பு பெற்ற ஆறு. இருந்தும் 2023 மே மாதம் அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து, இதன் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது என்று தரம் இறக்கியது.

காரணம் தாங்கள் அறியாததல்ல. வை ஆற்றுக்கும் அதன் கிளையாறுகளுக்கும் நீர் வடியும் இந்த வடிநிலத்துக் கொட்டகைகளில் 2 கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் வளர்கின்றன. அவற்றின் எரு வயல்களில் போய்ச் சேர்கிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் பாஸ்பரஸ் மண்ணில் தேங்கி, மழையோடு ஆற்றில் இறங்குகிறது. வெயில் ஏறும் மாதங்களில் தண்ணீர் பாசி மண்டிப் பச்சையாகிவிடும். அடியில் வெளிச்சம் படாமல், வெள்ளைப் பூ பூக்கும் நீர்க்கொடிகள் மடிகின்றன. அந்தக் கொடிகளுக்குள் ஒதுங்கும் மீன்குஞ்சுகளுக்கும் பூச்சிகளுக்கும் வேறு புகலிடம் இல்லை. சால்மன் மீன்கள் அருகிப்போனதில் இதற்கும் பங்குண்டு.

ஹெரிஃபோர்டின் கிழக்கே, வையின் கிளையாறான லக் ஆற்றின் கரையில் உள்ள லக் புல்வெளியைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஏப்ரலில் புல்லுக்கு நடுவே ஃபிரிட்டிலரி மலர்கள் தலைகுனிந்து நிற்கும்; சில வெள்ளை, சில ஊதாக் கட்டம் போட்டவை. நீண்டு வளைந்த அலகுடைய கர்லூ பறவை அங்கேதான் தரையில் முட்டையிடும். தீவனப் புல் அறுப்பு முடிந்ததும், ஆகஸ்ட் 1, லாமாஸ் எனும் பழைய அறுவடைத் திருநாள் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை ஊர்ப்பொதுவாக மேய்ச்சல். யாருடைய பங்கு எதுவரை என்று காட்டும் கற்கள் இன்றும் புல்லுக்குள் இருக்கின்றன. இடைக்காலம் தொட்டு வரும் இந்த முறையைத் தாங்கி நிற்பது குளிர்கால வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல். அந்த வண்டலோடு அளவுக்கு மீறிய உரச்சத்தும் வந்தால் முரட்டுப் புல் தழைக்கும், பூச்செடிகள் ஒடுங்கும். வேலி போட்டு இதைத் தடுக்க முடியாது.

ஆற்றில் சேரும் பாஸ்பேட்டை, அதாவது பாஸ்பரஸ் கலந்த சத்தை, காரணம் காட்டி லக் வடிநிலத்தில் 2019 முதல் புதிய வீடுகளுக்கான அனுமதி தடைபட்டது. வீடு தேடும் இளம் குடும்பங்களும் உள்ளூர்க் கட்டிடத் தொழிலாளர்களும் அதன் சுமையைத் தாங்கினார்கள். ஏற்கெனவே இயங்கிவரும் கோழிக் கொட்டகைகளின் எருவுக்கு அதே கண்டிப்பு காட்டப்படாதது நியாயமில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். உள்ளூர்க் கவுன்சிலால் கவுண்டி எல்லையைத் தாண்டி எதுவும் செய்ய முடியாது. ஆறு பிறப்பதோ வேல்ஸில்.

ஆகவே, 1991 நீர்வளச் சட்டத்தில் தங்களுக்கு உள்ள அதிகாரத்தைக் கொண்டு, வேல்ஸ் அரசுடன் கலந்து, முழு வடிநிலத்தையும், நீரை மாசுபடுத்தும் செயல்களைக் கட்டுப்படுத்தும் நீர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்க வேண்டுகிறோம். வேல்ஸிலும் இங்கிலாந்திலும் ஓடும் டீ (Dee) ஆற்றுக்கு 1999-இல் இது செய்யப்பட்டிருக்கிறது. மண்ணில் இருக்கும் பாஸ்பரஸைப் பரிசோதித்த பிறகே எரு இட அனுமதிக்க வேண்டும். மிஞ்சும் எருவை, அது தேவைப்படும் தொலைவுப் பண்ணைகளுக்குக் கொண்டுசெல்லும் செலவை ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்க்கும் விவசாயியின் தலையில் கட்டாமல், கோழியை வாங்கும் நிறுவனங்களும் அரசும் ஏற்க வழிசெய்ய வேண்டும். அடுத்த கோடைக்கு முன் தங்கள் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஹெரிஃபோர்ட் வாழ் தமிழ்க் குடும்பங்கள்