மணப்பாடு கடற்கரையை மணலாவே விட்டு வைக்கக் கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தூத்துக்குடி.

பொருள்: மணப்பாடு கடற்கரையில அடிப்படை வசதி மட்டும் செஞ்சு தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நான் திருநெல்வேலிக்காரன், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது குடும்பத்தோட மணப்பாடு போயிருவோம். திருச்செந்தூர் கூட்டத்துல இருந்து கொஞ்ச தூரம் தெக்க வந்தா போதும், கடலுக்குள்ள துருத்திக்கிட்டு நிக்கிற அந்த மணற்குன்று, மேல 1581ல கட்டின திருச்சிலுவை கோயில், ஒரு பக்கம் அலை அடிக்கும், இன்னொரு பக்கம் கருமேனியாறு மணல் திட்டுக்குப் பின்னால குளம் மாதிரி அசையாம கிடக்கும். குன்றுப் பாறையை கிட்ட போய் பாத்தா அது மணலும் சிப்பித் தூளும் இறுகிப்போன கல்லு, விரலால தேச்சா பொடிப்பொடியா உதிருது. கடலைப் பாத்த மாதிரி இருக்குற சவேரியார் குகைக்குள்ள ஒரு கிணறு, அவ்வளவு பக்கத்துல கடல் இருந்தும் தண்ணி உப்பு கரிக்கல, எங்க அம்மா ரெண்டு கை அள்ளிக் குடிச்சாங்க.

போன தடவை அம்மாவுக்கு அவசரம், சுகர் பேஷன்ட் வேற, பீச் பக்கம் தேடிப் பாத்தோம் ஒரு கழிப்பறை கண்ணுல படல, சுடுமணல்ல நடந்து ஊருக்குள்ள போய் முன்னபின்ன தெரியாத ஒரு வீட்ல கேட்டோம், அந்த அக்கா மறுபேச்சு பேசாம உள்ள விட்டாங்க. அதே நாள் என் தங்கச்சி பையன் ஆறு கடல்ல சேருற எடத்துல இறங்கிட்டான். வலை உலத்திக்கிட்டு இருந்த ஒரு அண்ணன்தான் ஓடி வந்து "ஏலே, அங்கன நீவாடு இழுக்கும், மேல ஏறு"ன்னு சத்தம் போட்டு கூப்பிட்டாரு. நீவாடுன்னா கடல் நீரோட்டமாம். எங்களுக்கு எப்படிங்க தெரியும், பாக்க முழங்கால் தண்ணிதான?

அதனால அந்த முகத்துவாரத்துல பெருசா ஒரு எச்சரிக்கை போர்டு, ஊர்ப்பக்கம் ரோட்டோரமா தண்ணியோட பெண்களுக்கும் ஆண்களுக்கும் கழிப்பறை, குப்பைத்தொட்டி, அதை தினம் அள்ள ஆளு, இவ்வளவு போதும் ஐயா. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வர்ற கூட்டத்துக்கும் இது உதவும்.

டைல்ஸ் நடைபாதை, செல்ஃபி பாயின்ட், மணல்மேல கடைகள் இதெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில மணல்மேடுகளை அதிகப் பாதுகாப்பு வேண்டிய பகுதியில வெச்சிருக்காங்க. அந்தத் திட்டு காத்துக்கும் அலைக்கும் ஏத்தபடி நகர்ந்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவை போகும்போதும் வேற மாதிரி கிடக்கு, அதுமேல எதைக் கட்டினாலும் நிக்காது. வலை உலத்துற, படகு ஏத்துற எடமும் அதுதான், எதைச் செஞ்சாலும் முதல்ல மீனவங்களைக் கேட்டுட்டு செய்யுங்க ஐயா.

பள்ளிக்கூட லீவுக்கு முன்னாடி அந்த எச்சரிக்கை போர்டாவது வெச்சிருங்க.

இப்படிக்கு,
மணப்பாட்டுக்கு வந்து போற ஒரு குடும்பத்துக்காரன்