மேரி டூ-ஆக்ஸ் ஏர்லியை விட்டுவிட்டு எழுத முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கனடியப் பூர்வகுடிகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். நிலம் பறிபோன கதை, விடுதிப் பள்ளிகள், ஒப்பந்தங்கள், தலைவர்கள் எல்லாம் இருந்தன. பெண்கள் இல்லை. இடம் போதவில்லையாக்கும் என்று விட்டிருப்பேன். ஆனால் கடைசிப் பத்தியில், வேற்றினத்தவரை மணந்த பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்தஸ்தை (அரசின் பதிவில் 'இந்தியர்', அதாவது பூர்வகுடி, என்ற சட்ட அடையாளத்தை) திருப்பிக் கொடுத்ததால் மிச்சமிருந்த பண்பாடும் கரைந்து போகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தப் பெண்களிடமிருந்து அந்தஸ்தைப் பறித்தது எந்தப் பூர்வகுடி வழக்கமும் இல்லை. ஒட்டாவாவில் வெள்ளைக்கார ஆண்கள் கூடி எழுதிய சட்டம். 1869இல் வந்த சட்டம், பூர்வகுடிப் பெண் வெளியாளைக் கலியாணம் செய்தால் அவளும் அவள் பிள்ளைகளும் 'இந்தியர்' அல்லர் என்றது. 1876இல் வந்த 'இந்தியன் சட்டம்' அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆண் வெளிப் பெண்ணைக் கட்டினால்? அவனுக்கு ஒன்றும் ஆகாது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் சட்டப்படி இந்தியர் ஆகிவிடுவாள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள் வெளியே, நேற்று வந்தவள் உள்ளே.

மோஹாக் முதலான ஆறு இனங்களின் கூட்டமைப்பான ஹோடினோசோனி மக்களிடம் பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. தலைவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் தவறினால் நீக்குபவர்களும் குலத்தாய்மார். ரொறன்ரோவிலிருந்து கொஞ்சத் தூரத்தில், பிரான்ட்ஃபோர்ட் பக்கம் இருக்கிற அவர்களுடைய ஊரான சிக்ஸ் நேஷன்ஸில் 1924 வரை அந்த முறையில்தான் சபை நடந்தது. அந்த ஆண்டு கனடிய அரசு அதைக் கலைத்துவிட்டுத் தேர்தல் சபையைத் திணித்தது. இந்தியன் சட்டத்தின் கீழ் நடந்த அந்தத் தேர்தல்களில் 1951 வரை பெண்களுக்கு வாக்கு இல்லை. தலைவரை நியமித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரு வாக்குச் சீட்டுக்கூட மிஞ்சவில்லை. பண்பாட்டைக் கரைத்தது யார் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கட்டுரையில் கட்டாயம் வந்திருக்க வேண்டிய பெயர் மேரி டூ-ஆக்ஸ் ஏர்லி. மொன்றியலுக்கு அருகே கானவாகேயில் 1911இல் பிறந்த மோஹாக் பெண். வேலை தேடி நியூயோர்க்கின் புரூக்ளினுக்குப் போய், அங்கே ஐரிஷ் வழி வந்த அமெரிக்கர் ஒருவரைக் கலியாணம் செய்தார். அந்தஸ்து போயிற்று. 1966இல் அவருடைய தோழி ஒருவர் மாரடைப்பால் இறந்தார். வெளியாளை மணந்ததால் வீட்டையும் காணியையும் விடச் சொல்லி நெருக்கப்பட்ட பெண் அவர். அந்த மனவேதனைதான் அவரைக் கொன்றது என்று மேரி நம்பினார். அதற்குப் பிறகு ஓயவில்லை. பெண்களைச் சேர்த்து அமைப்புக் கண்டார், பெண்கள் நிலை பற்றிய அரச ஆணைக்குழுவின் முன் போய்ச் சொன்னார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

கணவர் இறந்த பின் அவர் கானவாகே திரும்பினார். பாட்டி விட்டுப்போன வீடு அங்கே இருந்தது. ஆனால் சட்டப்படி அது அவர் பெயரில் இருக்க முடியாது. அவருடைய மகள் கானவாகே ஆண் ஒருவரை மணந்திருந்ததால் மகளுக்கு அந்தஸ்து உண்டு. எனவே வீடு மகள் பெயருக்குப் போனது. அம்மாவின் சொந்த ஊரில், அம்மாவின் பாட்டி வீட்டில், மருமகன் தயவில் மகளுக்குக் கிடைத்த உரிமையை வைத்து அம்மா குடியிருந்தார். இந்தச் சட்டத்தின் அநியாயம் இந்த ஒரு வீட்டிலேயே முழுதாகத் தெரிகிறது.

1975இல் மெக்சிகோ நகரில் ஐ.நா.வின் சர்வதேசப் பெண்கள் ஆண்டு மாநாடு. அங்கே இருந்தபோதுதான் தனக்கும் தன்னைப் போன்ற பெண்களுக்கும் ஊரைவிட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது என்று மேரிக்குத் தெரிந்தது. அனுப்பியது கானவாகேயின் சொந்தச் சபை. அவர் அந்த மாநாட்டிலேயே அதை உலகத்துக்குச் சொன்னார். சபை பின்வாங்கியது.

இங்கேதான் கட்டுரையாளரின் வாதம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஒன்டாரியோவின் விக்வெமிகொங் என்ற பூர்வகுடி ஊரைச் சேர்ந்த ஜெனட் கோர்பியர் லவெல் 1970இல் வெளியாளை மணந்து அந்தஸ்தை இழந்தார், வழக்குப் போட்டார். கணவரைப் பிரிந்து சிக்ஸ் நேஷன்ஸுக்குத் திரும்பிய இவோன் பெடார்டின் வழக்கும் சேர்ந்துகொண்டது. 1973இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் இருவரையும் தோற்கடித்தது. நடைமுறைப்படுத்துவதில் பாகுபாடு இல்லாவிட்டால் போதும், சட்டத்தின் முன் சமத்துவம் என்பது அவ்வளவுதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அந்த வழக்கில் அரசின் பக்கம் நின்று இந்தப் பெண்களை எதிர்த்தது பூர்வகுடிகளின் தேசிய அமைப்பே. இந்தியன் சட்டத்தில் ஒரு கல்லை உருவினால் மொத்தமும் சரிந்து, கையில் இருக்கிற கொஞ்ச உரிமையும் போய்விடும் என்பது அவர்கள் பயம். 1969இல் அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டு எல்லோரையும் பொதுச் சமூகத்தில் கரைத்துவிட அரசு முயன்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையைப் பெண்கள் மட்டும் கட்டினார்கள்.

நியூ பிரன்சுவிக்கில் உள்ள டொபிக் என்ற பூர்வகுடி ஊரின் பெண்கள் அதை இனியும் கட்டுவதாக இல்லை. அந்த ஊர்ப் பெண் சாண்ட்ரா லவ்லேஸ், மணமுறிவுக்குப் பின் பிள்ளையோடு பிறந்த மண்ணுக்கு வந்தார். வீடு கிடையாது என்றார்கள். கூடாரத்தில் இருந்தார். 1977இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு முறைப்பாடு அனுப்பினார். 1979 ஜூலையில் டொபிக் பெண்களும் பிள்ளைகளும் கியூபெக்கின் ஓகாவிலிருந்து ஒட்டாவா வரை ஏறக்குறைய 160 கிலோமீற்றர் நடந்தார்கள். 1981 ஜூலை 30 அன்று ஐ.நா. குழு லவ்லேஸுக்குச் சார்பாக முடிவு சொன்னது. அது எந்த அடிப்படையில் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். தன் மக்களோடு சேர்ந்து தன் பண்பாட்டில், தன் மொழியில் வாழ்கிற உரிமை, அதாவது குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27வது பிரிவு, மீறப்பட்டது என்று. அந்தப் பெண் பண்பாட்டைவிட்டு ஓடவில்லை, உள்ளே வர இடம் கேட்டார்.

1983இல் ஒட்டாவாவில் முதலமைச்சர்கள் மாநாடு. மேரிக்கு அங்கே பேச இடம் தரவில்லை. கியூபெக் முதல்வர் ரெனே லெவெக் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். அதில் உட்கார்ந்து பேசினார். 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தஸ்தைத் திரும்பப் பெற்ற முதற் பெண் மேரிதான், 73 வயதில். அவருக்குப் பின்னால் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 1996இல் இறந்தபோது கானவாகேயிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அந்தஸ்து உள்ளவர்களின் மருந்துக்கு அரசு பணம் கட்டும், பத்து இலக்கப் பதிவு எண்ணைக் கணினியில் போட வேண்டும். ஒருநாள் ஒரு அம்மம்மாவும் மகளும் பேரப்பிள்ளையோடு வந்தார்கள். அம்மம்மா அட்டையை நீட்டினார், மகள் நீட்டினார். காதுவலியில் அழுதுகொண்டிருந்த பிள்ளைக்கு எண் இல்லை. 1985 திருத்தமே கொண்டுவந்த விதி இது: அடுத்தடுத்து இரண்டு தலைமுறை வெளியே மணம் முடித்தால் அதற்கடுத்த பிள்ளைக்கு அந்தஸ்து இல்லை. "இவள் எங்கட மொழியில்தான் அழுகிறாள், அது அவங்களுக்குப் போதாது" என்ற கருத்தில் அம்மம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் காசை எடுத்து வைத்தார். பூர்வகுடிப் பெண் ஷரன் மக்கைவர் போன்றவர்கள் 1989 முதல் நீதிமன்றம் ஏறி இறங்கி 2011, 2017 திருத்தங்களுக்கு வழி செய்தார்கள். ஆண் வழி, பெண் வழி வேறுபாடு பெரும்பாலும் போனது. இந்த இரண்டு தலைமுறை வெட்டு அதனால் போகவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கானவாகே சின்ன ஊர், சுற்றிலும் பெருநகரம். வெளியாட்கள் வந்து குவிந்தால் மொழியும் காணியும் போய்விடும் என்று அங்கே அஞ்சுபவர்களை நான் இனவாதிகள் என்று சொல்லமாட்டேன். யார் தங்கள் ஆள் என்று தீர்மானிக்கும் உரிமை அந்த மக்களுக்குத்தான் இருக்க வேண்டும். ஆனால் "வெளியே கட்டினால் வெளியே போ" என்ற அங்குள்ள விதியைக் கியூபெக் நீதிமன்றம் 2018இல் பாகுபாடு என்றது. அந்த வழக்கைப் போட்டவர்களும் அந்த ஊரார்தான்.

இதெல்லாம் நமக்கு என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒன்று. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கச் சட்டமான நம் தேசவழமையை 1707இல் தொகுத்தது ஒல்லாந்தர் ஆட்சி. எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ், பார்த்துச் சரி சொன்னவர்கள் முதலியார் பதவியில் இருந்த 12 உள்ளூர்த் தலைவர்கள், பெண் ஒருத்தியும் இல்லை. பின் 1911இல் ஆங்கிலேயர் கட்டளைச் சட்டம் சேர்ந்தது. அதன்படி மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இதை மாற்றக் கேட்கிற பெண்களிடம், எங்கள் பாரம்பரியத்தில் கைவைக்கிறீர்கள் என்கிறோம். அதே குரல்தான் உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியிலும் கேட்டது.

இந்த நாட்டில் குடியுரிமை எடுக்கிற நாம் 2021இலிருந்து முதற்குடிகள், இனுவிட், மெட்டி மக்களின் உரிமைகளை ஏற்கும் உறுதிமொழியைச் சொல்கிறோம். சொல்லிவிட்டு அவர்களைப் பற்றி அரைகுறையாக எழுதக் கூடாது. தொடரை நிறுத்த வேண்டாம். அடுத்த பகுதிக்கு முன் கட்டுரையாளர் சிக்ஸ் நேஷன்ஸுக்கு ஒருமுறை போய், அங்குள்ள பெண்களிடம் பேசிவிட்டு எழுதட்டும். அந்தக் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ